கடற்கரைச் சாலையில் ஓடும் காருக்கு கோல்டு ஏர் இன்டேக்: வாங்கும் முன்னும் மாட்டிய பின்னும் செய்ய வேண்டியவை

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினமும் ஓடும் வண்டி, பாம்பன் பாலம் தாண்டி அரிச்சல்முனை வரை போய் வரும் வண்டி, இவற்றுக்கு வெளிச்சந்தை இன்டேக் வாங்க நினைப்பவர்களுக்காக எழுதியது இது. இன்ஜினுக்குக் குளிர்ந்த வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாயும் ஃபில்டரும்தான் கோல்டு ஏர் இன்டேக். இணையத்தில் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி உப்புக் காற்று படாத ஊர்களை மனதில் வைத்துச் சொன்னது. எவ்வளவு காற்றை உள்ளே விடுகிறது என்பதுதான் அங்கே கேள்வி. நம் கரையில் முதல் கேள்வி வேறு: மணல், உப்பு, மழைத்தண்ணீர் மூன்றையும் எவ்வளவு தூரம் வெளியே நிறுத்துகிறது? அதற்குச் சரியான பதில் இல்லாத கிட், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

1. முதலில் இருப்பதை அளந்து பாருங்கள்

கம்பெனி கொடுத்த ஏர் பாக்ஸும் பெரும்பாலான கார்களில் கிரில்லுக்குப் பின்னாலிருந்தோ, ஹெட்லைட் ஓரத்திலிருந்தோ வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. அப்படியிருக்க, புதிதாக ஒன்று வாங்கினால் கூடுதலாக என்ன கிடைக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி, வண்டியின் கம்ப்யூட்டர் சொல்லும் அளவுகளைப் படிக்கும் ஓபிடி ரீடர் ஒன்று போதும். சாதாரண புளூடூத் ரீடர் தோராயமாக 500 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும். ஃபோனில் ஒரு ஆப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் சோதனை, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை. ஆப்பில் ஐஏடி என்று வரும். நண்பகலில், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, 60–70 கி.மீ. வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். வெளிவெப்பம் 35 டிகிரி, ஐஏடி 40–42 என்றால் அதற்கு மேல் குளிர்விக்க ஏதும் இல்லை. உள்காற்றின் சூடு ஏறத்தாழ 3 டிகிரி கூடினால் அடர்த்தி 1 சதவீதம் குறையும். 35க்கும் 60க்கும் நடுவே அது ஏழு, ஏழரை சதவீதம். ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஐஏடி 60ஐத் தொடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வண்டி நகர்ந்ததும் இறங்கிவிடும். ஓடும்போதும் 55க்கு மேலேயே நின்றால், பாக்ஸுக்கு வெளிக்காற்றைக் கொண்டுவரும் ஸ்நார்க்கல் குழாய் கழன்றிருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். பம்பர் வேலை பார்த்த வண்டிகளில் இந்தக் குழாயை மாட்டாமலே விட்டுவிடுவது சகஜம். சில நூறு ரூபாய் பாகம் அது. பல பேருக்கு அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

இரண்டாவது சோதனை, அடைப்பு. எம்ஏபி சென்சார் (இன்ஜினுக்குள் நுழையும் இடத்தில் காற்றின் அழுத்தத்தை அளப்பது) உள்ள, டர்போ இல்லாத பெட்ரோல் வண்டிக்கு மட்டும் இது பொருந்தும். சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் எம்ஏபி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்தில் இருக்கிறோம், 100–101 கிலோபாஸ்கல் காட்டும். பிறகு ஆளில்லாத நேரான சாலையில் இரண்டாவது கியரில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்து, 5,500 ஆர்பிஎம் வரை போகும்போது என்ன காட்டுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். 98 காட்டினால் மொத்த இழப்பே 3 சதவீதம். ஃபில்டர், குழாய், த்ராட்டில் (ஆக்ஸிலேட்டருக்கு ஏற்பத் திறக்கும் காற்றுக் கதவு) எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். 83 குதிரைத்திறன் இன்ஜினில் அது இரண்டரை. இன்டேக்கை மாற்றினால் அதிலும் ஒரு பங்குதான் கைக்கு வரும். "பத்து குதிரைத்திறன் கூடும்" என்று கடைக்காரர் சொன்னால் இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

95க்குக் கீழே இறங்கினால் புதிய பேப்பர் ஃபில்டர் போட்டு மறுபடி அளந்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

2. உங்கள் வண்டியில் எந்த சென்சார்?

பாக்ஸுக்குப் பிறகு வரும் குழாயிலேயே ஒயர் போகும் சென்சார் செருகியிருந்தால் அது எம்ஏஎஃப். உள்ளே போகும் காற்றின் எடையை நேரடியாக அளப்பது. டீசல் வண்டிகளில், புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆரைக் கட்டுப்படுத்த இது தேவை என்பதால் பெரும்பாலும் இருக்கும். சிறிய பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் எம்ஏஎஃப் இல்லாமல், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் மேனிஃபோல்டில் எம்ஏபி மட்டும் இருக்கும்.

எம்ஏஎஃப் உள்ள வண்டியென்றால் இரண்டு விதிகளை விடவே கூடாது. சென்சார் உட்காரும் இடத்தின் உள்விட்டம் பழைய குழாயில் இருந்த அதே அளவாக இருக்க வேண்டும். 60 மி.மீ. இருந்த இடத்தில் 70 மி.மீ. குழாய் போட்டால் பரப்பு 36 சதவீதம் கூடிவிடும். அதே காற்று மெதுவாகக் கடக்கும். சென்சார் குறைத்துச் சொல்லும். பெட்ரோல் வண்டியில் எரிபொருள் குறைந்து பி 0171 என்ற பழுதுக் குறியீடு வரும். இரண்டாவது, சென்சாருக்கு முன்னால் வளைவு இல்லாத நேர்க்குழாய் கொஞ்ச தூரமாவது வேண்டும். வளைவை ஒட்டி வைத்தால் காற்று சுழன்று போய் ஐட்லிங் ஆடும்.

குழாய் பெரிதாக இருந்தால் நல்லது என்பது தவறான எண்ணம். 1.2 லிட்டர் இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் இழுப்பதே நிமிடத்துக்கு சுமார் 3,000 லிட்டர். இரண்டரை அங்குலக் குழாய் அதற்குத் தாராளம். 3 அங்குலம் வேண்டியதில்லை.

3. வகையைத் தேர்ந்தெடுப்பது

கடையில் நான்கு விதமாகக் கிடைக்கும்.

பழைய பாக்ஸுக்குள்ளேயே உட்காரும் பேனல் ஃபில்டர். கே அண்ட் என், பிஎம்சி போன்றவை எண்ணெய் தடவிய பருத்தி வலை; பாக்ஸ், ஸ்நார்க்கல், சென்சார் எதையும் தொட வேண்டியதில்லை.

மூடிய பாக்ஸோடு வரும் முழு கிட். குழாய், கூம்பு வடிவக் கோன் ஃபில்டர், அதைச் சுற்றி வெப்பம் புகாத உறை, வெளிக்காற்றை இழுக்கும் வாய் எல்லாம் சேர்ந்தது. உங்கள் மாடலுக்கென்றே செய்தது கிடைத்தால் மட்டும்.

பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கும் கோன். இது குளிர்ந்த காற்றை இழுப்பதே இல்லை; ரேடியேட்டர் தாண்டி வரும் சூட்டை இழுக்கிறது. சத்தம் நன்றாக இருக்கும், ஐஏடி ஏறும். வாங்கிய பிறகு ஓபிடியில் பார்த்து வருந்துவதைவிட இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

நான்காவது, பம்பருக்குப் பின்னால் அல்லது முன்சக்கர ஃபெண்டருக்குள் தாழ்வாகத் தொங்கும் கோன். உண்மையிலேயே குளிர்ந்த காற்று இதற்குத்தான் கிடைக்கும். ஆனால் இந்தக் கரையில் இதை வாங்கவே கூடாது. காரணம் அடுத்த பகுதியில்.

எண்ணெய் தடவிய ஃபில்டரா, உலர் ஃபில்டரா? நம் பக்கம் காற்றில் வருவது வெறும் மண்தூசி அல்ல. அரிச்சல்முனைச் சாலையில் மணல், வாலிநோக்கம் உப்பளம் பக்கம் உப்புத்தூள், சீமைக்கருவேலக் கரி ஏற்றிப் போகும் லாரிக்குப் பின்னால் கரித்தூள். உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே ஈரத்தை இழுத்துக் கரையும், வெயில் ஏறியதும் மறுபடி கட்டியாகும். வாடைக் காற்று மாதங்களில் விடியற்காலையில் பானெட்டைத் திறந்து பேப்பர் ஃபில்டரைத் தொட்டுப் பாருங்கள். நனைந்த அப்பளம் போலத் துவண்டிருக்கும். மதியம் அதே மடிப்புகளின் நுனியில் தூசியும் உப்பும் சேர்ந்து சாம்பல் நிறப் பொருக்கு நிற்கும். எம்ஏஎஃப் உள்ள வண்டிக்கு எங்கள் தேர்வு உலர் சிந்தெடிக். ஈரத்தில் துவளாது, எண்ணெய் பறந்து சென்சாரில் ஒட்டும் பயமும் இல்லை. எம்ஏபி மட்டும் உள்ள வண்டிக்கு எண்ணெய் வலை தாராளமாகப் போடலாம், ஒழுங்காகக் கழுவி எண்ணெய் விடும் பொறுமை இருந்தால். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் கம்பெனி பேப்பர் ஃபில்டரையே கையேட்டில் சொன்னதில் பாதி தூரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். அது குறைந்த தேர்வு அல்ல. மணலைத் தடுப்பதில் நல்ல பேப்பர் ஃபில்டரை மிஞ்சுவது கடினம்.

4. தண்ணீர் மட்டத்தை அளக்காமல் பணம் கொடுக்காதீர்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கண்மாய் மறுகால் பாய்ந்து தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும். ஊருக்குள் தாழ்ந்த தெருக்களில் நாள்கணக்கில் நிற்கும். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் என்று இறங்குவீர்கள். வண்டி நகரும்போது பம்பருக்கு முன்னால் தண்ணீர் எழும். எதிரே ஒரு அரசுப் பேருந்து வந்தால் இன்னும் ஒரு அடி அலை.

ஒரு கணக்கைப் பாருங்கள். 1.2 லிட்டர், 4 சிலிண்டர், 11க்கு 1 கம்ப்ரஷன் உள்ள பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் ஒரு சிலிண்டருக்கு சுமார் 30 மில்லி. இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர். அதற்கு மேல் உள்ளே போனால் பிஸ்டனுக்கு வழியில்லை. கனெக்டிங் ராடு வளையும். அதே அளவு டீசலில் அந்த இடம் இன்னும் குறைவு, சுமார் 20 மில்லி. தண்ணீரில் மூழ்கிய கோன் ஃபில்டர் ஒன்றே அவ்வளவு தண்ணீரைக் கொடுத்துவிடும்.

ஆகவே கிட்டின் காற்று வாய், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வரும் என்று டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 60 செ.மீ.க்குக் கீழே என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பழைய ஸ்நார்க்கல் இருந்த உயரத்துக்குக் குறையாமல் இருப்பது இன்னும் நல்லது. "மழைக்கு உறை மாட்டிக்கொள்ளலாம்" என்பார்கள். அந்தத் துணி உறை தெறிக்கும் துளிகளைத் தடுக்கும், முழுக்க மூழ்கினால் தடுக்காது. ஃபில்டர் மூழ்கினால் வேறு வழியாகக் காற்றை விட, குழாய் நடுவில் வைக்கும் பைபாஸ் வால்வும் தன் மட்டத்துக்குத் தண்ணீர் வந்தால் பயனில்லை.

தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் அடிக்கவே அடிக்காதீர்கள். பல வண்டிகளில் சேதம் அந்த இரண்டாவது ஸ்டார்ட்டில்தான் நடக்கிறது. தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிய பிறகு, கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

5. உப்புக் காற்று தாங்கும் பொருள்

குழாய் நைலான் அல்லது வார்ப்பு பிளாஸ்டிக்காக இருந்தால் முதல் மதிப்பெண். துருவும் பிடிக்காது, சூட்டையும் அவ்வளவாக உள்வாங்காது. பளபளக்கும் குரோம் பூசிய இரும்புக் குழாய் ஒரு வருடத்தில் வெல்டிங் ஓரத்தில் துரு விடும். அந்தத் துரு ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தில் இருப்பதால் நேரே இன்ஜினுக்குள் போகும். அலுமினியம் துருவாது என்பார்கள். ஆனால் உப்பில் வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழும்.

கிளிப்புகளைத் தனியாகக் கவனியுங்கள். பட்டை ஸ்டெயின்லெஸ், திருகு மட்டும் துத்தநாகம் பூசிய இரும்பு என்று விற்கிறார்கள். திருகில் காந்தத்தை வையுங்கள். பிடித்து இழுத்தால் அது வேண்டாம். முழுக்க ஸ்டெயின்லெஸ் கிளிப் தனியாக வாங்கினாலும் பெரிய செலவில்லை.

6. ஆவணங்கள்

ஆர்.சி.யில் ஏர் ஃபில்டர் பற்றி எதுவும் இருக்காது. அதனால் "சட்டச் சிக்கலே இல்லை" என்று சொல்வார்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வண்டியின் அடிப்படை விவரங்களை மாற்றத் தடை விதிக்கிறது. பிரிவு 182ஏ(4) அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. புகை அல்லது சத்தம் வரம்பு மீறினால் பிரிவு 190(2)இன் கீழ் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் வரலாம். பாக்ஸுக்குள் உட்காரும் பேனல் ஃபில்டரால் சத்தமும் தோற்றமும் மாறாது. திறந்த கோன் இரண்டையும் மாற்றும். சந்தேகம் இருந்தால் மாட்டும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்ஷூரன்ஸ்தான் பெரிய கண்ணி. சாதாரண முழுப் பாலிசியில் தண்ணீர் புகுந்து இன்ஜின் போவது பொதுவாகச் சேராது. அதற்கு இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் வேண்டும். இந்தக் கரையில் இன்டேக்கைத் தொடாதவர்களும் எடுக்க வேண்டிய கவர் அது. மாற்றம் செய்ததைச் சொல்லாமல் விட்டால் அதைக் காட்டியே கிளெய்மை மறுக்க முடியும். மாட்டும் முன்பே பாலிசி எண், பாகத்தின் பெயர், விலை குறித்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதிலில் பாலிசியில் சேர்த்ததற்கான என்டார்ஸ்மென்ட் கேளுங்கள். ஏஜென்ட் ஃபோனில் "பரவாயில்லை சார்" என்று சொன்னது கிளெய்ம் நேரத்தில் உதவாது.

வாரன்டியில் இருக்கும் வண்டியென்றால் கையேட்டில் மாற்றங்கள் பற்றிய பக்கத்தைப் படியுங்கள். இன்ஜின் தொடர்பான எந்தக் கோளாறுக்கும் இன்டேக்கைக் காரணம் காட்ட டீலருக்கு வாய்ப்பு கொடுக்கிறீர்கள். வாரன்டி முடியும்வரை பொறுப்பது மேல்.

ஆர்.சி. நகல், பாலிசி நகல், புகைச் சான்று, ஜிஎஸ்டி பில், கம்பெனிக்கு அனுப்பிய மின்னஞ்சலின் அச்சு, இவற்றை ஒரே உறையில் வண்டியிலேயே வையுங்கள்.

7. செலவும் நேரமும்

எல்லாம் தோராய விலை, மாடலுக்கு மாடல் மாறும். பேப்பர் ஃபில்டர் 200–600 ரூபாய். பிராண்டு பேனல் ஃபில்டர் 4,000–7,000. உறையோடு வரும் முழு கிட் 15,000க்கு மேல். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்புச் செலவும் சுங்கமும் வரியும் தனி, ஒரு மாதமாவது ஆகும். எண்ணெய் தடவிய ஃபில்டரைக் கழுவும் கிட் 1,000–2,000. ஆயிரம் ரூபாய்க்கு பிராண்டு பெயர் போட்ட கோன் கிடைத்தால் அது போலி. அதன் ரப்பர் விளிம்பு சூட்டில் விறைத்துப் பிளக்கும், பிளவு வழியே மணல் போகும். பாக எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல், ஆண்டு, இன்ஜின் மூன்றோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மாட்ட ஏற்ற காலம் ஜனவரி. மழை ஓய்ந்திருக்கும், ஆடிக் காற்றில் மணல் பறக்கும் முன் சரிபார்க்க மாதங்கள் கிடைக்கும். செப்டம்பரில் மாட்டிவிட்டு அடுத்த மாதமே மழையில் சோதித்துப் பார்க்காதீர்கள்.

8. மாட்டும்போது

பேனல் ஃபில்டர் என்றால் பத்து நிமிட வேலை. பாக்ஸின் அடித்தட்டில் கிடக்கும் மணலை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்; ஊதினால் த்ராட்டில் பக்கம் போகும். விளிம்பு ரப்பர் நான்கு பக்கமும் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று விரலால் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு கிளிப் போடுங்கள்.

முழு கிட்டுக்கு இரண்டு மூன்று மணி நேரம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பழைய குழாயைக் கழற்றியதும் த்ராட்டில் வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். புதுக் குழாயின் உள்ளே கையை விட்டுத் தடவினால் துளையிட்ட இடங்களில் பிசிறு தட்டும். அதைத் தேய்த்து, கழுவி, உலர்த்திய பிறகே மாட்டலாம். சென்சாரின் ஓ-ரிங் பழையதென்றால் மாற்றுங்கள், சென்சார் மேல் குறித்த அம்புக்குறி காற்று போகும் திசையில் இருக்கட்டும்.

இன்ஜினின் எண்ணெய்ப் புகையை இன்டேக்குக்குத் திருப்பிவிட டேப்பெட் கவரிலிருந்து (இன்ஜினின் மேல்மூடி) வரும் பிரீதர் ஹோஸுக்குப் புதுக் குழாயில் முனை இருக்கிறதா என்பதை வாங்கும்போதே பாருங்கள். முனை இல்லையென்று ஹோஸைத் திறந்து விட்டாலோ, அதன் நுனியில் குட்டி ஃபில்டர் செருகினாலோ எண்ணெய்ப் புகை பானெட்டுக்குள் பரவும். எம்ஏஎஃப் வண்டியில் அளக்கப்படாத காற்று உள்ளே போகும்.

இன்ஜின் ஆடும், குழாயும் கூட ஆடும். பேட்டரி, ஃபேன் உறை, பாடி எதையும் தொடாமல் சுற்றிலும் 15 மி.மீ. இடைவெளி வேண்டும். பானெட் இடிக்கிறதா என்று அறிய, குழாயின் உயரமான இடத்தில் சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றை வைத்து பானெட்டை மூடித் திறங்கள். மாவு நசுங்கி 10 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் தாங்கியை மாற்றி இறக்க வேண்டும்.

9. மாட்டிய பிறகு

ஓபிடியை மறுபடி செருகுங்கள். ஐஏடி பழைய பாக்ஸில் இருந்ததைவிடக் கூடியிருந்தால் உறை சரியில்லை. பெட்ரோல் வண்டியில் ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது) குறுகிய காலம், நீண்ட காலம் என்று இரண்டு வரும், இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டல் பத்துக்கும் கழித்தல் பத்துக்கும் நடுவே நின்றால் நல்லது. ஐட்லிங்கில் பத்துக்கு மேல் போய், 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. கிளிப்புகளையும் பிரீதர் இணைப்பையும் பாருங்கள். பி 0101, பி 0102 என்றால் எம்ஏஎஃப் அல்லது அதன் ஒயர். பி 0113 என்றால் ஐஏடி பிளக் சரியாக உட்காரவில்லை.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு, பழைய சான்று செல்லுபடியாக இருந்தாலும், புகைச் சோதனை செய்துவிடுங்கள். மாற்றத்துக்குப் பின்னும் வண்டி தேறியது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும் ஃபில்டருக்குப் பிந்தைய குழாயைக் கழற்றி, உள்ளே வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியை இரண்டு விரலுக்கிடையே தேய்த்தால் நறநறவென்று இருக்கிறதா? மணல் போகிறது. ஃபில்டர் விளிம்பைச் சுற்றிப் பழுப்புக் கோடு ஓடும் இடம்தான் அது நுழையும் வழி. உடனே பழைய பாக்ஸுக்கு மாறிவிடுங்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்த பிறகு எந்த ஃபில்டரும் உதவாது.

10. கழுவும் தண்ணீர்

5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். தனுஷ்கோடி ஓட்டம் அடிக்கடி இருந்தால் 3,000. கழுவக்கூடிய ஃபில்டரை போர் தண்ணீரில் கழுவவே கூடாது. நம் பக்கத்து போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. காய்ந்தால் அந்த உப்பு மடிப்புகளிலேயே தங்கிவிடும். காவிரிக் குடிநீரோ கேன் தண்ணீரோ பத்து லிட்டர் போதும். கிளீனர் தெளித்து பத்து நிமிடம் ஊறவிட்டு, உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக ஊற்றுங்கள். கம்ப்ரஸர் காற்று அடித்தால் வலை கிழியும். கடல் காற்று படாத அறைக்குள், நிழலில் ஒரு நாள் முழுக்க உலரட்டும். எண்ணெய் வகையென்றால் மடிப்புக்கு ஒரு கோடாக விட்டு, இருபது நிமிடம் கழித்து வெளுத்த இடங்களுக்கு மட்டும் இன்னொரு முறை. சொட்டும் அளவுக்கு ஊற்றினால் எம்ஏஎஃப் போகும். அப்படி ஒட்டிவிட்டால் அதற்கென்றே விற்கும் எம்ஏஎஃப் கிளீனரை அடித்துக் கால் மணி நேரம் உலரவிடுங்கள். கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம், சென்சாருக்குள் இருக்கும் கம்பியை விரலாலோ துணியாலோ தொடவும் வேண்டாம்.

கழற்றிய பழைய பாக்ஸ், ஸ்நார்க்கல், கிளிப், போல்ட் எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் பாலித்தீன் சுற்றிப் பரணில் வையுங்கள். டீலர் சர்வீஸ், புகைச் சோதனையில் தோல்வி, வண்டி விற்பனை, மழைக்காலம் என்று அது திரும்பத் தேவைப்படும். தனியாக வாங்கப் போனால் முழு பாக்ஸின் விலை ஆயிரக்கணக்கில் வரும்.